இலூனியின் நகம்

அத்தியாயம் 5

பன்னிரண்டு ஷெக்கல் வெள்ளி, அதற்கு மேல் முப்பது பார்லிமணி எடை. பாய் முடைகிற இலூனி வணிகன் சின்தய்யானுக்குத் தர வேண்டியிருந்தது அவ்வளவுதான். என்னைப் போல் கூடை தூக்குகிறவன் ஒரு வருடம் முழுக்க ஒரு வாய் சாப்பிடாமல் உழைத்தால் சேர்ந்துவிடும்.

அந்த வெள்ளிக்கு ஈடாக இலூனி தன் பெண்டாட்டி தப்னியைச் சின்தய்யான் வீட்டில் விட்டிருந்தான். இரண்டு வருடம் ஏழு மாதமாக அவள் அந்த வீட்டுத் திரிகையில் மாவு அரைத்தாள். போன மாதம் பாபிலோனில் அரசர் பொன் தீப்பந்தத்தைத் தூக்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க் கழுதைக்குக்கூடத் தெரியும். வட்டிக் கடனெல்லாம் ரத்து. கடன் ஏடுகளை உடைக்க வேண்டும். ஈடாகப் போனவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

தப்னி மாவைப் பாதியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளைச் சின்தய்யானின் ஆட்கள் மறித்தார்கள். அவள் தெருவில் உட்கார்ந்து ஷமாஷ் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில் ஊர் கூடி, வழக்கு கோயில் வாசலில் உட்காரும் நீதிபதிகளிடம் வந்துவிட்டது.

சின்தய்யான் பதறவில்லை. கையில் ஒரு மண் ஏட்டைக் கொண்டுவந்து வைத்தான். தான் கொடுத்தது வட்டிக் கடனே இல்லை, இலூனியோடு கூட்டு சேர்ந்து வியாபாரத்துக்குப் போட்ட வெள்ளி என்றான். அரசரின் தீப்பந்தம் வியாபார வெள்ளியைத் தொடாது. வெள்ளி திரும்பவில்லை, அதனால் தப்னியைத் தில்முன் தீவுப் படகுக்காரனுக்கு விற்றுவிட்டேன், இன்று சாயங்காலம் படகு கிளம்புகிறது என்றும் சொன்னான். தில்முன் போன அடிமை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஏட்டின் மேல் மண் உறை இருந்தது. உறை மேலும் அதே வாசகம். சண்டை வந்தால் நீதிபதி முன்னால்தான் உறையை உடைக்கலாம், உள்ளே வேறு எழுத்து இருந்தால் ஏட்டை மாற்றினவன் மாட்டிக்கொள்வான். மூத்த நீதிபதி உடைத்தார். உள்ளேயும் வியாபார வெள்ளிதான். ஒரு கோடு கூட மாறவில்லை.

இலூனி வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். எனக்கு எழுத்து தெரியாது, காட்டின இடத்தில் நகத்தை வைத்தேன், கடன் என்றுதான் சொன்னார்கள், மண்ணுக்குள்ளே என்ன எழுதினார்களோ என்று புலம்பினான். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தப்னி மட்டும் அழவில்லை. இரண்டு காவலருக்கு நடுவில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதிகளுக்குச் சிக்கலான ஏடு வந்தால் எரிஷ்தியிடம் தள்ளிவிடுவார்கள். அவர் கோயில் எழுத்தர். ஊருக்கே எழுத்தம்மா. என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவருடைய ஏட்டுக்கூடையைத் தூக்குகிறவன். பெயர் குப்புரும், தடியன் என்று அர்த்தம். பெயர் வைத்த அன்று என் அப்பா நிறையக் குடித்திருக்க வேண்டும். இருபது வருடம் கால்வாய்களில் மண் சுமந்து முதுகு போன பிறகுதான் எனக்கு எழுத்து வந்தது. இப்போதும் மண்தான் சுமக்கிறேன், எழுத்து போட்ட மண்.

எழுத்தம்மா ஏட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசல் நிழல் மூன்றாம் படியைத் தொடும் வரை தவணை கேட்டார். நீதிபதிகளுக்கும் பசி. கொடுத்துவிட்டார்கள்.

"யோவ் குப்புரும், என்ன தெரியுது?" என்று ஏட்டை என்னிடம் நீட்டினார்.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். வெள்ளி எவ்வளவு, யாருக்கு, சாட்சிகள் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாட்சிகள் இரண்டு பேருமே போன வருடம் செத்துப் போனவர்கள். நல்ல சாட்சிகள், கள் வாங்கித் தரச் சொல்லிக் கேட்க மாட்டார்கள் என்றேன். எழுத்தம்மா சிரிக்கவில்லை, ஓரத்தைப் பார் என்றார். முத்திரை இல்லாத ஏழைகள் கட்டைவிரல் நகத்தை அழுத்துகிற இடம் அது. மூன்று பிறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பிறையின் நடுவிலும் ஒரு முடி கனத்துக்கு மண் துருத்திக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசி ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வரிக்கு வந்தேன். இரண்டாம் மாதம், 'அரசர் பெருங்கால்வாயைத் திறந்த வருடம்'.

என் முதுகு அந்த வரியை எனக்கு முன்னாலேயே வாசித்துவிட்டது. சுரீர் என்றது.

"எழுத்தம்மா, இது நடக்காது. அந்த வருஷம் ரெண்டாம் மாசம் நான் இடுப்பளவு சேத்துல நின்னுட்டிருந்தேன். திறக்கிறதுக்கு அங்க கால்வாயே இல்ல, குழிதான் இருந்துச்சு."

அந்தக் கால்வாயில் தண்ணீர் விட்டது ஐந்தாம் மாதம். அதற்குப் பிறகுதான் அரண்மனை அந்த வருடத்துக்குக் கால்வாயின் பெயரை வைத்தது. பெயர் ஓட்டக்காரன் காலில் எங்கள் ஊர் வந்து சேர்கிற வரை எல்லாரும் 'மதில் கட்டின வருடத்துக்கு அடுத்த வருடம்' என்று எழுதித்தான் சமாளித்தார்கள். இரண்டாம் மாதத்தில் உட்கார்ந்துகொண்டு கால்வாய் வருடம் என்று எழுதினவன் ஒன்று சோதிடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் உட்கார்ந்து எழுதிய புளுகனாக இருக்க வேண்டும்.

கோயில் ஏட்டறைக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் எழுத்தம்மா ஓடினார், நான் கூடையோடு பின்னால் உருண்டேன். அந்த மாதத்துக் கூடையைக் கவிழ்த்தோம். கழுதை விற்றது, எள் வாங்கியது, கூலிக்குப் பார்லி அளந்தது என்று நாற்பது ஏடுகள். நாற்பதிலும் மதில் வருடத்துக்கு அடுத்த வருடம்தான். ஒன்றில்கூடக் கால்வாய் இல்லை.

முடிந்தது, திரும்பிவிடலாம் என்றேன். எழுத்தம்மா ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். இலூனி வீட்டைப் பார்க்க வேண்டுமாம்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் கள்ளுக்கடை. கடைக்காரி பானைக்குள் நாணல் குழலை விட்டுத் தானே ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தம்மா இலூனியைப் பற்றி இரக்கமாகப் பேச்சுக் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷன், தீப்பந்தம் தூக்கின செய்தி வந்த அன்றைக்குப் பெண்டாட்டி திரும்பி வரப் போகிறாள் என்று கடையில் இருந்த எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தான் என்று அவள் ஆரம்பித்தாள். குடித்துவிட்டு நாணல் அரிவாளை வைத்துக்கொண்டு கூத்தாடினானாம். கட்டைவிரல் நகத்தில் போட்டுக்கொண்டானாம். நகம் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்துவிட்டதாம்.

"நான்தான் எண்ணெ தடவித் துணி சுத்தினேன்" என்றாள் கடைக்காரி. "அதுக்கு முன்னாடி அவன் கையைப் பார்க்கணும். பாய் முடையுறவன் கை மாதிரியா இருக்கும், பொம்பளை நகம் மாதிரி அழகா வெச்சிருப்பான். அந்தக் குடிச்ச காசு இன்னும் வரல, அது வேற கதை."

எழுத்தம்மா வேறொன்றும் கேட்கவில்லை. கரைக்கு இறங்கினார். இலூனி பாய் கட்டும் இடத்தில் ஒரு நாணல் படகு கவிழ்த்துக் கிடந்தது. அடி முழுக்கத் தார், விரல் தடிமனுக்கு. வெயிலில் மினுங்கியது.

"வாசனை எப்படி?" என்றார்.

"பணக்கார வாசனை. இவ்வளவு தாருக்கு நாலு ஷெக்கல் ஆகும். கள்ளுக்கடைக்குப் பாக்கி வெச்சவன் படகுக்கு எங்க போனான்?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எழுத்தம்மா என்னைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்த ஏட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே திரும்பி நடந்தார். வைக்கோல் தூசி இல்லை அது.

நாங்கள் வாசலுக்குப் போனபோது நிழல் இரண்டாம் படியில் இருந்தது. எழுத்தம்மா முதலில் வருடத்தின் பெயரை எடுத்தார். நாற்பது ஏடுகளையும் நீதிபதிகள் முன் பரப்பினார். என்னையும் கூப்பிட்டுக் கால்வாய்க் கதையைச் சொல்ல வைத்தார். கூட்டம் குதூகலித்தது. சின்தய்யான் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மண்ணு சுமந்தவனெல்லாம் மண்ணை வாசிக்க வந்துட்டான்" என்றான். பிறகு நீதிபதிகள் பக்கம் திரும்பி, பிழை இருக்கிறதுதான் என்று தயக்கமில்லாமல் ஒப்புக்கொண்டான். முதலில் எழுதின ஏடு ஈரம் பட்டு உதிர்ந்துவிட்டது, அதே வருடக் கடைசியில் படியெடுத்தேன், எழுத்தன் மாதத்தைப் பழையபடியும் வருடத்தைப் புதுப் பெயரிலும் போட்டுவிட்டான், படியிலும் இலூனியே வந்து நகம் வைத்தான், அவனையே கேளுங்கள் என்றான்.

நீதிபதிகள் கேட்டார்கள். இலூனி மூன்று நான்கு தடவை தலையாட்டினான். ஆமாம், இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள், வைத்தேன்.

மூத்த நீதிபதி உதட்டைப் பிதுக்கினார். நகம் அவனுடையது, அவனே ஒப்புக்கொள்கிறான், எழுத்தன் பிழைக்காக ஏடு செல்லாமல் போகாது. படகுக்காரன் கூட்டத்தில் நின்று வெயிலைப் பார்த்தான்.

எழுத்தம்மா இலூனிக்கு எதிரே போய்க் குந்தி உட்கார்ந்தார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

"அப்ப மொத்தம் ரெண்டு தடவைதான் நகம் வெச்சே?"

"ரெண்டே தடவைதான் தாயே."

"கால்வாய் வருஷத்துக்கு அப்புறம் எப்பவும் வைக்கல?"

"ஷமாஷ் மேல சத்தியமா இல்ல. அரசர் மேல சத்தியம்."

எழுத்தர் ஒருவர் அந்தச் சத்தியத்தை ஈர மண்ணில் குத்திக்கொண்டார். எழுத்தம்மா எழுந்து, தொண்டை வறள்கிறது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நீதிபதிகளிடம் கேட்டார். தப்னியும் குடிக்கட்டும் என்றார்.

வாசலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சால் இருந்தது. காவலர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். தப்னிக்கு நான்தான் மொண்டு கொடுத்தேன். அவள் உள்ளங்கை திரிகைக் கல்லாகவே ஆகியிருந்தது. கிண்ணம் அதில் பட்டுச் சத்தம் வந்தது.

எழுத்தம்மா சுற்றி வளைக்கவில்லை. ஏட்டில் பதிந்திருக்கிற நகம் பிளந்த நகம். பிளந்தது தீப்பந்தச் செய்தி வந்த அன்று. அப்படியென்றால் ஏடு அதற்குப் பிறகு செய்தது, புருஷன் தெரிந்தேதான் வைத்திருக்கிறான். இதை நீதிபதிகள் முன் சொன்னால்தான் ஏடு உடையும். ஆனால் அரசர் ஆணையில் இன்னொரு வரியும் இருக்கிறது: தீப்பந்தத்துக்குப் பிறகு கடனை வேறாக மாற்றி எழுதிய ஏட்டில் குறி வைத்தவன் சாவான்.

"நான் சொன்னா நீ வெளிய வந்துடுவே. அவன் வர மாட்டான். சொல்லலன்னா சாயங்காலம் நீ படகுல. எதுன்னு நீதான் சொல்லணும்" என்றார்.

தப்னி தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"அன்னிக்கு எதுக்குக் குடிச்சானாம்?"

"நீ வரப் போறேன்னு."

"அப்புறம் எத்தனை நாள் கழிச்சு நகம் வெச்சிருப்பான்?"

"பத்து நாளுக்குள்ள இருக்கும்."

"என்ன வாங்கினான்?"

"ஒரு படகு."

"பழசா, புதுசா?"

"புதுசு" என்று நான் சொன்னேன். பழசு என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

தப்னி கிண்ணத்தைச் சாலின் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள். "சொல்லிடுங்க" என்றாள். ரொட்டிக்கு உப்பு போதுமா என்று கேட்டால் சொல்கிற குரல்தான் அது.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. எழுத்தம்மா இலூனியின் கையைப் பிடித்து, துணியை அவிழ்த்து, ஈர மண் உருண்டை ஒன்றில் நகத்தை அழுத்த வைத்தார். பிறை, நடுவில் மண் துருத்தல். உருண்டையை ஏட்டின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்தார். நீதிபதிகள் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்கள். கள்ளுக்கடைக்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் நகம் பிளந்த நாளைச் சொன்னாள், பாக்கிக் காசையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுற்றிலும் முகங்களைப் பார்த்து, நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று கேட்டாள்.

இலூனி அப்போதுதான் நிஜமாக அழுதான். காலையில் அழுததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இதில் சத்தமே இல்லை. அவள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், எனக்குப் பாயைச் சுமந்து சுமந்து தோள் போய்விட்டது, ஒரு படகு இருந்தால் நாலு ஊருக்குப் போய் விற்று அவளை மீட்டுவிடலாம் என்று நினைத்தேன், தில்முனுக்கு விற்பார் என்று சத்தியமாகத் தெரியாது என்றான். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

எல்லாரும் சின்தய்யானைப் பார்த்தார்கள். அவன் தன் கழுத்தில் தொங்குகிற உருளை முத்திரையை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தான். ஏட்டை மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொன்னான். பார்த்தோம். கடன் ஏட்டில் வாங்கினவனும் சாட்சிகளும்தான் குறி வைப்பார்கள். கொடுத்தவன் வைக்கிற வழக்கமே கிடையாது. ஏட்டின் ஆறு பக்கத்திலும் சின்தய்யானின் முத்திரை எங்கேயும் இல்லை. ஆணை குறி வைத்தவனைத்தான் சொல்கிறது. சாட்சிகளோ ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தார்கள்.

எழுத்தம்மா ஏட்டின் ஆறு பக்கத்தையும் மறுபடி திருப்பினார். ஏட்டை ஆயிரம் தடவை வாசித்தவர் அவர். இல்லாத ஒன்றை வாசிக்கத் தவறிவிட்டார். ஏடு அவன் வீட்டில் எழுதியது, அவன் ஆள் எழுதியது, லாபம் அவனுக்கு என்று வாதாடினார். மூத்த நீதிபதி தாடியைத் தடவினார். சின்தய்யான் அரண்மனைக்கு வரி வெள்ளி கட்டுகிற வணிகன், அவன் விஷயத்தைப் பாபிலோனுக்கு எழுதி அனுப்புவோம், அங்கே முடிவு செய்வார்கள் என்றார். பாபிலோனுக்குப் போன ஏடு எப்போது திரும்பும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இலூனியைப் பற்றிப் பாபிலோனுக்கு எழுதி அனுப்ப ஒன்றும் இல்லை. அவன் பாய் முடைகிறவன். ஆற்றில் போடச் சொன்னார்கள், இன்றைக்கே.

தப்னி போகலாம் என்று அறிவித்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். காவலன் நகர்ந்து வழிவிட்ட பிறகும் நின்றாள். பிறகு இலூனியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, தாண்டிப் போனாள். அவன் அவள் பெயரைச் சொன்னான். அவள் கள்ளுக்கடைக்காரியிடம் நின்று, அவன் எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தான் என்று கேட்டாள். கடைக்காரி பதினோரு பேர் என்றாள். தப்னி சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ரத்தான கடனின் ஏட்டைக் கடன் வாங்கினவனே தன் கையால் உடைக்க வேண்டும். அது முறை. காவலர்கள் அதற்குள் இலூனியின் கைகளைக் கட்டியிருந்தார்கள், அவிழ்த்துவிட்டார்கள். அவன் ஏட்டைப் படியில் ஓங்கித் தட்டினான். உடையவில்லை. சின்தய்யான் நல்ல மண்ணில் செய்திருந்தான். மூன்றாம் தட்டில் இரண்டாகப் போனது, அதற்கு மேல் காலால் மிதித்தான்.

எழுத்தம்மா என்னிடம் மண் கேட்டார். பிசைந்து தட்டையாக்கிக் கொடுத்தேன். தீர்ந்த சீட்டு எழுதினார்: பன்னிரண்டு ஷெக்கல் வெள்ளி, முப்பது மணி எடை, இலூனி சின்தய்யானுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. இதில் கொடுத்தவன் முத்திரை வேண்டும். சின்தய்யான் குனிந்து முத்திரையை நிதானமாக உருட்டினான். அழகான முத்திரை, தெய்வத்தின் முன் கைகூப்பி நிற்கிற மனிதன்.

சீட்டு கடன் தீர்ந்தவனுக்குச் சேர வேண்டியது. எழுத்தம்மா நீட்ட மாட்டார் என்று தெரிந்து நானே வாங்கி இலூனியிடம் கொடுத்தேன். காவலர்கள் அவன் கைகளை மறுபடி முன்பக்கமாகக் கட்டி ஆற்றைப் பார்க்கத் திருப்பினார்கள். மண் இன்னும் காயவில்லை. எழுத்து நசுங்கிவிடப் போகிறதே என்று இலூனி அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தான்.